சண்டைக் காட்சியைச் சுவைத்தல்: ஓர் அறவியல் நோக்கு

வீதியில் இருவர் கைகலக்கும்போது அவர்களை விலக்கிவிட முனைபவரும், விலக்க இயலாதவிடத்து மனம் நொந்து அகல்பவருமாகிய மனிதர், அதே செயல் திரையில் நிகழும்போது இமைக்கவும் மறந்து மகிழ்கின்றனர். இம்மகிழ்ச்சி எத்தகையது? இது அறத்தோடு பொருந்துவதா? பொருந்துமாயின் எவ்வெல்லை வரை பொருந்தும்? இவ்வினாக்களை, ஹொங்கொங்கிலே கன்ரனீஸ் மொழியில் தயாரிக்கப்பட்ட தற்காப்புக்கலைத் திரைப்படங்களை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்திரைப்படங்களைத் தெரிந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. ஏனைய திரைப்படங்களிற் சண்டை கதைக்குத் துணையாக வருவது. இவற்றிலோ, பெரும்பாலும், கதையே சண்டைக்குத் துணையாக வருகின்றது. இவற்றைக் காணச் செல்பவன் சண்டையைக் காணவே செல்கின்றான். எனவே, கதையின் பொருட்டுச் சண்டையைச் சகித்துக்கொண்டேன் என்று கூறித் தப்பிக்கொள்ளும் வழி அவனுக்கில்லை. இவை தரங்குறைந்த பொழுதுபோக்குப் படங்கள், இவற்றை வைத்து அறவியல் பேசுவதற்கு என்ன உண்டு என்று கற்றோர் சிலர் வினவக்கூடும். தரம் பற்றிய தீர்ப்பு வேறு. அறம் பற்றிய தீர்ப்பு வேறு. தாழ்ந்ததெனக் கருதப்படும் ஒன்றைச் சுவைப்பது குற்றமாகிவிடாது. உயர்ந்ததெனப் போற்றப்படும் ஒன்றைச் சுவைப்பதிலும் குற்றம் இருத்தல் கூடும்.

காட்சியின்பத்தை ஐயத்தோடு நோக்கியோர் பண்டைக் காலந்தொட்டே இருந்துவந்துள்ளனர். பிளேற்றோவின் 'குடியரசு' என்னும் நூலிலே லியோந்தியுஸ் என்பவனைப் பற்றிய செய்தி ஒன்று வருகின்றது. ஏதென்ஸ் நகரின் மதிற்புறத்தே கொலைத்தண்டனை பெற்றோரின் சடலங்கள் கிடக்கக் கண்ட அவன், பார்க்கும் விருப்பத்துக்கும் அருவருப்புக்கும் இடையே நெடுநேரம் போராடி முகத்தை மூடிக்கொள்கின்றான். ஈற்றில் விருப்பமே வெல்ல, ஓடிச்சென்று, தன் கண்களைத் தானே சபித்தவாறு அவற்றைப் பார்க்கின்றான். அகுஸ்தீனார் தமது வாழ்வை எடுத்துரைக்கும் நூலிலே நண்பர் அலிப்பியுசைப் பற்றிக் கூறுவதும் இத்தகையதே. 4ஆம் நூற்றாண்டில் உரோமாபுரியிற் சட்டம் பயிலச் சென்ற அலிப்பியுஸ், தோழரால் வாட்போர் அரங்குக்கு வலிந்து இழுத்துச் செல்லப்பட்டார். கண்களை இறுக மூடிக்கொண்டிருந்த அவர், கூட்டத்தின் பேரொலி கேட்டுக் கண் திறந்தார். திறந்த கணமே குருதியின் வெறி அவரைப் பற்றிக்கொண்டது. பின்னர் தாமாகவே அங்கு செல்லவும், பிறரை அழைத்துச் செல்லவும் தலைப்பட்டார். இவ்விருவரும் இன்புற்றது பிறருக்கு நேர்ந்த ஊற்றினால். சண்டைக் காட்சியைச் சுவைப்பவனும் இவர்கள் வழி வந்தவன்தானா என்பதே முதலில் தீர்க்கப்பட வேண்டியது.

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு படத்தை எடுத்து நோக்குவது பயன்தரும். 1981 இல் சம்மோ ஹங்கின் நெறியாள்கையில் கோல்டன் ஹாவெஸ்ற் நிறுவனம் வெளியிட்ட 'த புறொடிகல் சன்' என்னும் படத்தை 'ஊதாரி மைந்தன்' எனத் தமிழிற் குறிப்பிடலாம். 'விங் சுன்' என்னும் தற்காப்புக்கலையின் முன்னோருள் ஒருவரும், 19ஆம் நூற்றாண்டிலே தென்சீனத்துப் போஷான் நகரில் வைத்தியராக விளங்கியவருமாகிய லியுங் ஜானின் இளமைப் பருவத்தை அது கற்பனை கலந்து கூறுகின்றது. செல்வர் மகனாகிய ஜான், தான் வெல்லற்கரிய வீரனென்று நம்பித் திரிகின்றான். நூற்றுக்கணக்கான சண்டைகளில் அவன் வென்றதும் உண்மையே. ஆனால், அவனுக்குத் தீங்கு நேராதிருக்கும் பொருட்டு, எதிரிகளுக்கெல்லாம் குடும்பப் பணத்தைக் கொடுத்து அவர்களைத் தோற்கச் செய்துவந்தமை அவனுக்குத் தெரியாது. இசைநாடகக் குழுவொன்றிலே பெண்வேடமிட்டு நடிக்கும் லியுங் யீ-தாய் என்பவரோடு மோதித் தோற்ற பின்னரே உண்மை வெளிப்படுகின்றது. ஜானாக யுவென் பியாவும் யீ-தாயாக லாம் சிங்-யிங்கும் நடித்துள்ளனர்.

சண்டைக் காட்சியைச் சுவைப்போர் தம் சார்பிற் கூறும் முதல் விடை, அங்கே தீயோர் தண்டிக்கப்படுகின்றனர் என்பதாகும். நீதி நிலைபெறுவதைக் கண்டு மகிழ்கின்றோம் என்பர். இப்படத்தை வைத்து நோக்கும்போது இவ்விடை நிலைக்கவில்லை. யீ-தாய் ஜானை வீழ்த்தும் சண்டையிலே தீயோன் எவனும் இல்லை. ஓர் இளைஞனின் செருக்கு மட்டுமே உண்டு. எனினும் படத்தின் இன்பமிகு காட்சிகளுள் அதுவும் ஒன்று. மறுபுறத்தே, இரவிலே நாடகக் கொட்டகைக்குத் தீயிட்டுக் கலைஞரைக் கொன்றொழிக்கும் காட்சியும் இதே படத்தில் வருகின்றது. ஊறும் சாவும் மிகுந்த அக்காட்சி சுவைக்கும்படி அமைக்கப்படவில்லை. காண்போர் உள்ளத்தில் அது எழுப்புவது திகைப்பே. பிறர் படும் ஊறுதான் இன்பத்துக்குக் காரணமாயின், ஊறு மிகுந்தவிடத்து இன்பமும் மிகுதல் வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. ஆகவே, நாம் சுவைப்பது நீதியையும் அன்று, லியோந்தியுஸ் சுவைத்ததையும் அன்று என்பது பெறப்படும்.

பின்னர் எதனைச் சுவைக்கின்றோம்? தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இதனைத் தெளிவுபடுத்த உதவும். வெகுளி, பெருமிதம், மருட்கை ஆகிய மூன்றும் அங்கே வெவ்வேறு மெய்ப்பாடுகளாக வகுக்கப்பட்டுள்ளன. மருட்கை என்பது புதுமை, பெருமை முதலியன காரணமாகத் தோன்றும் வியப்பு. பெருமிதத்துக்குத் தறுகண்மை மட்டுமன்றிக் கல்வியும் நிலைக்களனாகும். சண்டைக் காட்சியிலே இவை கலந்தே எழுகின்றன. எது மேலோங்கியது என்பதை அறிய விரும்புபவன், படம் முடிந்த பின்னர் தன் நினைவில் எஞ்சி நிற்பது யாதென்று தன்னையே வினவுதல் வேண்டும். எதிரி குருதி கக்கி வீழ்ந்தமையே நிற்குமாயின் அவன் சுவைத்தது வெகுளி. ஒரு முழ இடைவெளியிலே நான்கு கைகள் ஒன்றையொன்று தடுத்து, ஒட்டி, வழுவி விலகிய நுட்பம் நிற்குமாயின் அவன் சுவைத்தது மருட்கை. பழிவாங்கும் கதை நம் வெகுளிக்கு அனுமதி வழங்குகின்றது. அதனை நம் இன்பத்துக்கான நியாயம் எனக் கொள்வதைவிட, நாம் விழிப்பாக இருக்க வேண்டிய இடம் எனக் கொள்வதே பொருந்தும்.

உண்மையான வன்முறையை அறிந்தோர் இவ்வேறுபாட்டை எளிதில் உணர்வர். எமது நாட்டிலே 2009 இல் முடிவுற்ற போரின் நடுவே வாழ்ந்தோருக்கு வன்முறை யாதென்று விளக்கிக் கூறவேண்டியதில்லை. அதற்கு வடிவம் இல்லை, பெரும்பாலும் அது ஒருபக்கமாகவே நிகழ்வது, மறுமொழிக்கு இடந்தராதது. சண்டைக் காட்சியோ வினாவும் விடையும் போன்றது. ஓர் அடிக்கு ஒரு தடை, அத்தடைக்கு மற்றோர் அடி, இடையிலே ஒரு மூச்சளவு ஓய்வு என்று அது வளர்ந்து செல்லும். எனவே, வன்முறையை நேரிற் கண்டவர் இக்காட்சிகளைச் சுவைப்பது உள்ளம் மரத்துப்போனமையின் அறிகுறி என்பது அவசரமான முடிபாகும். உடலோடு உடல் மோதும்போதும் ஒழுங்கு நிலவுகின்ற ஓர் உலகினை அவர் அங்கே காண்கின்றார் எனக் கொள்ளுதல் தகும். ஆயினும், அவ்வொழுங்கை உண்மை வன்முறையின் மீதும் ஏற்றிப் பார்ப்பாராயின் அதனைவிடப் பெரும் மயக்கம் வேறில்லை.

இனி, சுவைப்போர் கூறும் இரண்டாவது விடையை நோக்குவோம். திரையில் நிகழ்வது போலி. எவரும் உண்மையில் அடிபடுவதில்லை. ஆதலின் அதனைக் கண்டு மகிழ்வதிற் குற்றமில்லை என்பது அவ்விடை. இதற்கு ஆதாரமாக அரிஸ்ரோட்டிலின் கருத்தைக் காட்டலாம். நேரிற் காணத் துன்பந்தரும் பொருள்களைக்கூட, அவற்றைப் போன்று செய்யப்பட்ட உருவங்களிற் காணும்போது மகிழ்கின்றோம் என்றும், அறிதல் மனிதருக்கு இயல்பாகவே இன்பந்தருவதே அதற்குக் காரணம் என்றும் அவர் கூறினார். மேடை நாடகத்துக்கு இது போதிய விடையாகலாம். அரங்கில் இறந்த மன்னன், நாடகம் முடிந்ததும் எழுந்து வீடு செல்வான். ஹொங்கொங் சண்டைக் காட்சிக்கு இவ்விடை முழுமையாகப் பொருந்தாது என்பதே எனது துணிபு. பகையும் சினமும் அங்கே போலி, வீழ்ச்சி போலியன்று.

அக்காட்சிகள் ஆக்கப்படும் முறையைச் சிறிது நோக்குதல் வேண்டும். நடிகரின் உச்சி முதல் உள்ளங்கால் வரை தெரியும்படி கமரா எட்டி நிற்கும். பல அசைவுகள் இடைவெட்டின்றித் தொடராகப் பதிவாகும். சில தந்திரங்களும் உண்டு. படச்சுருளைச் சற்று மெதுவாக ஓட்டிப் பதிவுசெய்து, திரையில் வேகத்தைக் கூட்டுவர். உடையிலே தூளைத் தடவி, அடி பட்டவிடத்துப் புழுதி எழச் செய்வர். உடையின் உள்ளே மெத்தைப்பட்டை அணிவர். ஆயினும் மேசையின் மீது முதுகு மோத வீழ்பவன் மேசையின் மீதுதான் வீழ்கின்றான். 'புறொஜெக்ற் ஏ' (1983) என்னும் படத்திலே ஜாக்கி சான் மணிக்கூட்டுக் கோபுரத்தின் உச்சியிலிருந்து துணிப்பந்தல்களைக் கிழித்துக்கொண்டு நிலத்தில் வீழ்ந்தார். 'பொலிஸ் ஸ்ரோறி' (1985) படத்தின் இறுதியில், மின்விளக்குகள் சுற்றிய கம்பத்தைப் பற்றி வணிக வளாகத்தின் மேற்றளத்திலிருந்து சறுக்கியபோது அவருடைய கைகள் தீய்ந்தன. 1980களின் நடுப்பகுதியிலே யூகோஸ்லாவியாவில் நடந்த 'ஆமர் ஒவ் கோட்' படப்பிடிப்பின்போது, மரக்கிளை முறிந்து வீழ்ந்து மண்டையோடு உடைந்து, சத்திரசிகிச்சையின் பின்னர் உயிர் பிழைத்தார்.

ஜாக்கி சானின் பெயரை உலகறியும். அவரால் உதைக்கப்பட்டு மாடிப்படிகளில் உருண்டோரின் பெயரை நாமறியோம். 'லுங் பூ மோ சி' என்று கன்ரனீஸ் மொழியில் அவர்களை அழைப்பர். டிராகனும் புலியும் போன்ற போர்க்கலைஞர் என்பது அதன் பொருள். அப்பெயரையே தலைப்பாகக் கொண்டு 2021 இல் திரையிடப்பட்ட ஆவணப்படமொன்றிலே, முதுமை எய்திய அக்கலைஞர் பலர் தம் தொழிலைப் பற்றித் தாமே பேசுகின்றனர். அவர்கள் பெற்ற காயங்கள் கதைமாந்தருக்குரியனவல்ல, அவர்களுக்கே உரியன.

இங்கேதான் சுவைப்போன் தனக்குத் தானே முரண்படுகின்றான். அவ்வீழ்ச்சிகள் முழுவதும் கயிற்றாலும் கணினியாலும் ஆக்கப்பட்டவை என்று தெரியவந்தால் அவனுடைய வியப்பிற் பெரும்பகுதி மறைந்துவிடும். மெய்யாகவே ஒருவன் அதனைச் செய்தான் என்பதிலேயே அவன் இன்பம் தங்கியுள்ளது. எனவே, மெய்யென்று கண்டு வியப்பதும், பொய்யென்று கூறிப் பொறுப்பினின்று நழுவுவதும் ஒருங்கே இயலா.

அவ்வாறாயின் நாம் அலிப்பியுசின் அரங்குக்கே திரும்பிவிட்டோமா? இல்லை. வாட்போர் அரங்கில் ஒருவன் மற்றவனை வீழ்த்த முனைந்தான். சண்டைக் காட்சியிலோ ஒருவன் மற்றவனைக் காக்க முனைகின்றான். ஓர் உதை வலிமையுடையதாகத் தோன்றுவது உதைப்பவன் காலினால் மட்டுமன்று. உரிய கணத்திலே வளைந்து, சுழன்று, பின்னோக்கிப் பாய்ந்து அவ்வுதைக்கு வலிமை கொடுப்பவன் உதைபடுபவனே. கணம் தவறினால் இருவருக்கும் ஊறு. பகையின் வடிவிலே ஒருவர் மீதொருவர் கொண்ட நம்பிக்கையைத்தான் நாம் காண்கின்றோம். 'ஊதாரி மைந்தன்' படத்தின் சண்டை அமைப்புக்காக 1983 இல் ஹொங்கொங் திரைப்பட விருது வழங்கப்பட்டபோது, அது தனியொருவருக்கன்றிக் குழுவினருக்கே வழங்கப்பட்டமை பொருத்தமானது. நம் இன்பத்துக்கு நியாயம் தேடுவோமாயின், அது போலித்தன்மையில் இல்லை. இக்கூட்டு முயற்சியிலேயே உள்ளது.

ஆயினும் இந்நியாயம் தானாக வந்து சேர்வதன்று. காண்பவன் அதனை அறிந்து காணல் வேண்டும். இவ்விடத்து 'ஊதாரி மைந்தன்' கதையே நமக்குக் கண்ணாடியாக அமைகின்றது. பணம் பெற்றுத் தோற்பவரை வென்று ஜான் தன்னை வீரனென எண்ணினான். திரைப்படத்தில் நாயகனிடம் தோற்போர் அனைவரும் பணம் பெற்றுத் தோற்பவரே அல்லரோ? நாயகன் ஒருவனையே நோக்கி, அவன் நூறு பேரை வீழ்த்தினான் என்று மகிழ்பவன், ஜானின் மயக்கத்தையே தானும் கொள்கின்றான். வீழ்ந்த நூறு பேரின் உழைப்பு அவன் கண்ணுக்குத் தெரிவதில்லை. தோற்போரின் கலையை வெல்வோனின் பெருமையாக அவன் எண்ணிவிடுகின்றான்.

படத்தில் இன்னுமொருவன் உண்டு. ஙாய் பெய் என்னும் பிரபுகுமாரன் உண்மையிலேயே தேர்ந்த வீரன். ஊர்தோறும் சென்று வல்லவரோடு பொருவதே அவனுக்கு இன்பம். யீ-தாயோடு அவன் பொரும்போது, யீ-தாய்க்கு ஆஸ்துமா நோய் மேலிடுகின்றது. உடனே ஙாய் சண்டையை நிறுத்திவிடுகின்றான். நோயுற்றவரை வெல்வதில் அவனுக்கு நாட்டமில்லை. நல்லதொரு சண்டையே அவன் வேண்டுவது. இதனைவிடத் தூய சுவைஞனைக் காண்பதரிது. ஆனால், எசமானுக்கு ஊறு நேராது காக்கும் பொறுப்புடைய அவனுடைய மெய்க்காவலரோ, அவன் அறியாமலே ஆளனுப்பி நாடகக் குழுவினரைக் கொன்றொழிக்கின்றனர். அவனுடைய கைகளிற் கறையில்லை. எனினும் கொட்டகை எரிந்தது அவன் பொருட்டேயாகும்.

ஙாய் கொடியவன் அல்லன். தன் இன்பத்தின் பொருட்டுப் பின்புறத்தே என்ன நிகழ்கின்றது என்று வினவாதவன். அறவியல் நோக்கிற் சுவைஞனின் நிலை பெரிதும் இவனுடைய நிலையே. நாமும் எவரையும் அடிக்கவில்லை. எவரையும் வீழும்படி ஏவவில்லை. நல்லதொரு சண்டையைக் காண விரும்பினோம், அவ்வளவே. அந்நல்ல சண்டையின் பின்புறத்திலே யார் எதனை ஈடாகக் கொடுத்தார் என்பதை வினவுவது நம் கடமை.

அவ்வாறு வினவும்போது மனத்தை உறுத்தும் உண்மையொன்று எதிர்ப்படுகின்றது. சம்மோ ஹங், ஜாக்கி சான், யுவென் பியாவ் ஆகிய மூவரும் யூ ஜிம்-யுவென் என்னும் ஆசிரியர் ஹொங்கொங்கில் நடத்திய பீக்கிங் இசைநாடகப் பள்ளியிற் சிறுபிராயத்திலேயே சேர்க்கப்பட்டவர்கள். பெற்றோர் ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டனர். ஜாக்கி சான் பத்தாண்டுகள் அங்கே வளர்ந்தார். விடியல் முதல் இரவு வரை பயிற்சியும், பிழைக்குப் பிரம்படியும் அங்கு வழமை. 1988 இல் வெளிவந்த 'பெயின்ரட் பேசஸ்' என்னும் படம் அவ்வாழ்வைச் சித்திரிக்கின்றது. சம்மோ ஹங் தம் ஆசிரியரின் பாத்திரத்தைத் தாமே ஏற்று நடித்தார். வளர்ந்த பின்னர் கோபுரத்திலிருந்து வீழ இசைந்தவன் தன் இசைவினாலே வீழ்ந்தான் எனலாம். ஏழு வயதுப் பிள்ளை எதற்கு இசைந்தது? நாம் வியக்கும் அவ்வுடல்கள் அப்பள்ளியில் ஆக்கப்பட்டவை. அவ்வியப்பினின்று அப்பிரம்பைப் பிரித்துவிட எவராலும் இயலாது.

இதற்கு மறுப்பொன்று கூறலாம். நிகழ்ந்தது நிகழ்ந்துவிட்டது, இன்று அப்படத்தைக் காணாது விடுவதால் எவருடைய காயமும் ஆறப்போவதில்லை என்பர். இது உண்மையே. காணாமை இங்கு அறமாகாது. அவர்கள் தம் உடலை ஈடாக வைத்து ஆக்கிய கலையை மறப்பது, அவர்களுக்கு இழைக்கப்படும் இன்னொரு தீங்காகவும் அமையலாம். ஆனால், நம் கரவொலி கடந்த காலத்துக்கு மட்டும் உரியதன்று. எதனைக் கண்டு ஆரவாரிக்கின்றோமோ, அதுவே மீண்டும் நமக்கு விற்கப்படும். ஜாக்கி சானின் படங்களினிறுதியிலே, படப்பிடிப்பின்போது நேர்ந்த தவறுகளும் காயங்களும் தொகுத்துக் காட்டப்படுவதுண்டு. அத்தொகுப்பு இருமுகங் கொண்டது. கொடுக்கப்பட்ட விலையை மறைக்காது காட்டுவதால் அது நேர்மையானது. அவ்விலையையே மற்றுமொரு காட்சியாக்கி விற்பதால் அது ஐயத்துக்குரியது. அங்கே ஒருவன் தூக்குப்படுக்கையிற் கொண்டுசெல்லப்படும்போது நம் முகத்திலே தோன்றுவது யாது என்பதைக் கொண்டே நம்மை நாம் அறியலாம். நடுக்கமும் மதிப்பும் தோன்றுமாயின், மருட்கையின் எல்லைக்குள் நிற்கின்றோம். அதற்காகவே இருந்து பார்க்கின்றோமாயின், அலிப்பியுசின் பக்கத்தில் நமக்கும் ஓர் இருக்கை உண்டு.

சண்டைக் காட்சியைச் சுவைத்தல் தன்னளவிற் குற்றமன்று, குற்றமற்றதும் அன்று. எதனைச் சுவைக்கின்றோம் என்பதையும், அது எவருடைய உடலால் நமக்குக் கிடைத்தது என்பதையும் அறிந்து சுவைப்பதே அதனை அறத்தோடு பொருந்தச் செய்யும். இவ்வறிவு இன்பத்தைக் குறைத்துவிடும் என்று அஞ்சவேண்டியதில்லை. நன்கு அமைந்த சண்டைக் காட்சியொன்றை முதன்முறை காணும்போது கண் இயல்பாகவே வெல்பவனைத் தொடர்ந்து செல்லும். இரண்டாம் முறை காணும்போது வீழ்பவனைப் பார்த்தல் வேண்டும். அவன் எந்தக் கணத்தில் மூச்சை அடக்கினான், எந்தத் தோளை நிலத்துக்குக் கொடுத்தான், எழும்போது எந்தக் கையை ஊன்றினான் என்பதையெல்லாம் கண்ட பின்னர், வென்றவன் மீது கொண்ட வியப்புக் குன்றாது. வீழ்ந்தவனுக்கும் அதில் உரிய பங்கு கிடைக்கும்.